காற்றில் பங்குதாரர்கள்

ஒரு லிட்டர் கொதிகலன் எண்ணெயின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. ஏறக்குறைய 850 கிராம். அதை முழுவதும் எரித்துவிட்டால் ஆகாயத்தில் போய்ச் சேரும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2.7 கிலோ. இந்தக் கணக்கை முதன்முதலாகக் கேட்பவர் எவரும், சொன்னவர் எங்கோ தப்பாகக் கூட்டிவிட்டார் என்றுதான் நினைப்பார். எரிந்துபோன பொருளைவிட, எரிந்ததனால் உண்டான பொருள் மூன்று மடங்கு கனமாக இருக்க முடியுமா? முடியும். எண்ணெயில் அடங்கியிருக்கும் கரியின் அணு ஒவ்வொன்றும், எரிகிற அந்தக் கணத்தில், சுற்றியுள்ள காற்றிலிருந்து இரண்டு பிராணவாயு அணுக்களைப் பிடித்துத் தன்னோடு பிணைத்துக்கொள்ளுகிறது. கரியணுவின் எடை 12 என்றால், அது பிடித்துக்கொண்ட இரண்டின் எடை 32. ஆகையால் 12 கிராம் கரி, 44 கிராம் வாயுவாக உருமாறிக் கண்ணுக்குப் புலப்படாமல் மேலே சென்றுவிடுகிறது. புகைபோக்கியில் கறுப்பாகத் தெரிவது இந்த வாயு அன்று; அது சரியாக எரியாத கரித்தூள். நன்றாக எரிகிற அடுப்பு, பார்வைக்கு நிர்மலமாக இருந்துகொண்டே, தான் தின்ற எண்ணெயைப்போல் மூன்று மடங்கு கனத்தை உலகத்தின் தலைமேல் ஏற்றிக்கொண்டிருக்கும்.

பார்வைக்குத் தெரியாத இந்தச் செலவை ஒரு பெரிய நகரத்தில் யாரும் கணக்கிடுவதில்லை. எண்ணெய் ஒரு திசையிலிருந்து வருகிறது, மின்சாரம் வேறொரு திசையிலிருந்து வருகிறது, கட்டணம் மாதாமாதம் போகிறது, அவ்வளவே. ஆனால் ஒரு தீவின் நிலைமை வேறு. அங்கே எரிகிற ஒவ்வொரு லிட்டரும் கப்பலில் வந்து துறையில் இறங்கியாக வேண்டும்; ஊரைவிட்டுப் போகும் பணமும் அதே துறை வழியாகத்தான் போயாக வேண்டும். வரவு செலவு இரண்டையும் ஒரே வாசலில் உட்கார்ந்து எண்ணிவிடலாம் என்ற சௌகரியம் தீவுவாசிகளுக்கு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த சாம்சோ என்னும் தீவின் கதையை இந்த அத்தியாயத்தில் சற்று விஸ்தாரமாகச் சொல்ல எண்ணியதற்கு இதுவே முதற்காரணம்.

ஜட்லாண்டு என்ற பெரிய தீபகற்பத்தின் கீழ்க்கரைக்கு எதிரே, காட்டெகாட் கடலில் கிடக்கிறது சாம்சோ. பரப்பளவு 114 சதுர கிலோமீட்டர், கிராமங்கள் 22, ஜனத்தொகை நாலாயிரத்தைச் சுற்றி ஏறியும் இறங்கியும் வருவது. அங்கே விளையும் உருளைக்கிழங்குக்கு டென்மார்க் முழுவதிலும் ஒரு தனி மவுசு உண்டு. கோடை தொடங்கும்போது வெளிவரும் முதற் கிழங்குக்குத் தலைநகரத்துச் சிற்றுண்டிச்சாலைகள் போட்டியிடும். மற்றபடி பன்றி, பால்மாடு, தானியம், கோடை விடுமுறைக்கு வந்துபோகும் பிரயாணிகள் ஆகியவற்றை நம்பி வாழ்கிற சாதாரணமான குடியானவர் பூமி. உலகத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்ற அபிலாஷை அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

1997ஆம் ஆண்டில், கரியமில வாயு போன்றவற்றைக் குறைப்பதற்காகக் கியோட்டோ மாநாடு கூடிய அதே ஆண்டில், டென்மார்க் சர்க்காரின் சுற்றுச்சூழல், எரிசக்தி அமைச்சகம் ஒரு போட்டியை அறிவித்தது. அப்போது அதன் மந்திரி ஸ்வென் ஔகன். ஒரு தீவோ பிரதேசமோ, பத்தே ஆண்டுகளுக்குள் தனக்கு வேண்டிய சக்தி முழுவதையும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்தே பெறுவதற்கு, அதுவும் அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த சாதாரண யந்திரங்களைக் கொண்டே பெறுவதற்கு, நடைமுறைக்கு ஒத்த ஒரு திட்டம் தர வேண்டும் என்பது நிபந்தனை. சாம்சோவின் சார்பில் திட்டத்தை எழுதியவர் அந்தத் தீவில் வசிக்காத ஒரு பொறியாளர். நகராட்சித் தலைவரைக் கலந்துகொண்டு எழுதி அனுப்பிவிட்டார். நான்கு பிரதேசங்களை வென்று சாம்சோ முதலிடம் பெற்றது என்ற செய்தி வந்தபோது, தீவுவாசிகளில் பெரும்பாலோருக்குத் தாங்கள் போட்டியில் கலந்துகொண்ட விஷயமே புதிதாக இருந்தது. பரிசுப் பணம் என்று ஒரு க்ரோனர்கூடக் கிடையாது, பட்டம் மட்டுமே.

பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தச் சமயத்தில் தீவில் இருந்த இறைச்சிக்கூடம் மூடப்பட்டு, ஏறத்தாழ நூறு பேர் வேலையிழந்திருந்தார்கள். நாலாயிரம் பேர் உள்ள ஊரில் நூறு வேலை என்பது நான்கைந்து தெருக்களின் ஜீவனம். ஆகவே கரியமில வாயுவைப் பற்றி ஊரார் யோசித்ததைவிட, அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றி யோசித்ததே அதிகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்த நல்ல காரியங்களுக்கெல்லாம் இந்தக் கவலையே வித்து என்பது என் அபிப்பிராயம்.

திட்டத்தை நடத்தும் பொறுப்பு சோரன் ஹெர்மன்ஸன் என்பவர் கைக்கு வந்தது. அவர் அதே தீவில் பிறந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. உள்ளூர்ப் பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். ஊர்க்கூட்டம் எங்கே நடந்தாலும், எந்தக் காரணத்துக்காக நடந்தாலும், அவர் அங்கே போய்த் தம் விஷயத்தையும் எடுத்துப் பேசினார். காப்பியும் பீரும் வாங்கிக் கொடுத்தார். பூமியின் உஷ்ணம் ஏறுகிறது என்று பயமுறுத்துவதில் அவருக்கு நம்பிக்கை இருந்ததாகத் தோன்றவில்லை. எண்ணெய்க்காக ஊரைவிட்டுப் போகும் பணம் ஊரிலேயே தங்கினால் யாருக்கு வேலை கிடைக்கும், கருமானுக்கு என்ன வரும், குழாய் பொருத்துபவருக்கு என்ன வரும் என்ற பேச்சே முன்னின்றது. அயலார் ஒருவர் வந்து சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்கள். தங்களோடு வளர்ந்தவன் சொல்லவே, நம்பாவிட்டாலும் உட்கார்ந்து கேட்டார்கள்.

இனி, காற்றுக்கு வருவோம்.

வீசுகிற காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி, காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதன்று; வேகத்தின் கன அளவுக்கு ஏற்ப ஏறுவது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்று, எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே சுமார் 77 வாட் சக்தியைக் கொண்டுபோகிறது. அதே காற்று 10 மீட்டர் வேகம் பெற்றால், இரண்டு மடங்காக வேண்டியது எட்டு மடங்காகி, 600 வாட்டைத் தாண்டிவிடுகிறது. கடற்கரையிலும் உயரத்திலும் காற்றாலை நாட்ட வேண்டும் என்று நிபுணர்கள் பிடிவாதம் பிடிப்பதன் ரகசியம் இதுதான்: வேகத்தில் சிறிது கூடினாலும் விளைச்சல் பெரிதாகக் கூடும். இருந்தும் காற்றில் உள்ளதையெல்லாம் கறந்துவிட முடியாது. முழுவதையும் பறித்துக்கொண்டால் காற்று அந்த இடத்திலேயே நின்றுபோகும். நின்ற காற்று, பின்னால் வருகிற காற்றுக்கு வழியை அடைத்துவிடும். வாங்குவதில் ஒரு பகுதியைப் போக விட்டால்தான் மேலும் வாங்கலாம் என்ற இந்த நியதியைக் கணக்கிட்டு, நூற்றுக்கு 59 பங்குக்குமேல் எந்த யந்திரமும் எடுக்க முடியாது என்று நிரூபித்தவர் ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி.

டென்மார்க்குக்குக் காற்றாலை புதிதன்று. பால் லா கூர் என்ற ஆசிரியர் ஆஸ்கோவ் என்னும் ஊரில் 1891லேயே காற்றைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கிப் பரிசோதித்தார். 1957ல் கெட்ஸரில் யோஹானஸ் யூல் அமைத்த 200 கிலோவாட் யந்திரம் பிற்காலத்து மூன்றிறகுக் காற்றாலைகளுக்கெல்லாம் முன்னோடி. பிறகு எண்ணெய் மலிவாகக் கிடைத்தபடியால் அதையெல்லாம் மறந்துவிட்டார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அப்போது தன் சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு அயல்நாட்டு எண்ணெயையே நம்பியிருந்த அந்தத் தேசம், ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டக் கூடாதென்று தடை விதிக்கும் நிலைக்கு வந்த பின்னரே, மறந்த வித்தையை மீண்டும் நினைவுகூர்ந்தது.

ஆகையால் சாம்சோவில் தீர்மானிக்க வேண்டியிருந்தது யந்திரம் சம்பந்தமான பிரச்சினையன்று. ஊசியாட்டம் நீண்டு, இரவும் பகலும் சுழன்று, கண்ணை உறுத்திக்கொண்டு நிற்கும் ஓர் உருவத்தை, தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய வயலின் நடுவே நாட்டுவதற்கு அண்டைவீட்டுக்காரன் சம்மதிப்பானா என்பதுதான் கேள்வி. அவர்கள் கண்ட விடை மிகவும் லௌகீகமானது. எவர் வீட்டு ஜன்னலிலிருந்து காற்றாலை தெரியுமோ, அவரும் அதில் பங்கு வாங்கலாம். 2000ஆம் ஆண்டில், தலா ஒரு மெகாவாட் சக்தியுள்ள 11 காற்றாலைகள் மூன்று கூட்டங்களாக நிலத்தில் எழுந்தன. அவற்றில் 9, தனித்தனி விவசாயிகளுக்குச் சொந்தம். தம் நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கிக் கட்டியவர்கள் அவர்கள். மற்ற 2, கூட்டுறவு முறையில் ஊராருக்குச் சொந்தம். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் அதில் உடைமைக்காரரே.

இதற்கு டென்மார்க் மண்ணில் பழைய வேர் உண்டு. 1882ல் யெட்டிங் என்ற சிற்றூரில் குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து முதற் கூட்டுறவுப் பால் பண்ணையை ஏற்படுத்தியதிலிருந்து, பால், வெண்ணெய், பன்றியிறைச்சி, மளிகைக்கடை வரை அனைத்திலும் பங்கு சேர்த்து வியாபாரம் செய்து பழகியவர்கள் அவர்கள். அவர்களுக்குக் காற்றும் இன்னொரு வெண்ணெய். மேலும், காற்றிலிருந்து வரும் மின்சாரத்தைப் பத்தாண்டு காலத்துக்கு நிர்ணயித்த விலையில் மின் ஸ்தாபனங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அன்றைய சட்டம் விதித்திருந்தது. போட்ட முதல் ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று வங்கிக்காரர் காகிதத்தில் எழுதிப் பார்க்க முடிந்தது. இந்தச் சட்டம் இல்லாதிருந்தால், கூட்டுறவு மனப்பான்மையும் காப்பியும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. சாம்சோவைப் புகழ்ந்து எழுதுபவர்கள் ஊராரின் ஒற்றுமையைப் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, இந்த ஒரு வரிச் சட்டத்தைப் பெரும்பாலும் அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள்.

பங்கு வாங்கிய பிறகு ஜனங்களின் கண்ணே மாறிற்று என்கிறார்கள். இரைச்சலாகக் கேட்டது, பணம் எண்ணும் ஓசையாகக் கேட்கத் தொடங்கியதாம். இதைப் பௌதிக சாஸ்திரம் விளக்காது; ஆனால் காற்று பலமாக அடிக்கும் நாளில் சந்தோஷப்படும் ஜனங்களை, மாலுமிகளைத் தவிர்த்தால், அந்தத் தீவில்தான் காணலாம்.

மின்சாரத்தைவிடக் கடினமானது உஷ்ணம். நம்மைப் போன்ற வெயில் நாட்டவருக்கு இது எளிதில் மனத்தில் படாது. ஆண்டில் பாதிக்குமேல் வீட்டைச் சூடேற்றாமல் வசிக்க முடியாத அந்தச் சீதோஷ்ணத்தில், குடும்பத்தின் சக்திச் செலவில் விளக்கும் யந்திரங்களும் சிறு பங்கே; அறையைக் காய வைப்பதற்கே பெரும்பங்கு போகிறது. பழைய நாளில் வீட்டுக்கு வீடு ஓர் எண்ணெய்க் கொதிகலன் இருந்தது. அதற்குப் பதிலாக, ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு பெரிய அடுப்பை வைத்து, அதில் வைக்கோலை எரித்துத் தண்ணீரைக் காய்ச்சி, உஷ்ணம் கசியாமல் உறையிட்ட குழாய்களில் பூமிக்கடியில் வீடுதோறும் அனுப்பி, ஆறிய தண்ணீரை மீண்டும் அடுப்புக்கே திருப்பிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் விரிவுபடுத்தினார்கள். ட்ரானெபியர் என்ற ஊரில் இப்படி ஒரு நிலையம் போட்டிக்கு முன்பே இருந்தது. 2002க்கும் 2005க்கும் இடையில் மேலும் மூன்று சேர்ந்தன.

அந்த மூன்றும் மூன்று விதமான உடைமைகள் என்பது கவனிக்கத்தக்கது. நோர்ட்பி, மோருப் என்ற கிராமங்களுக்கான நிலையம் ஒரு மின் ஸ்தாபனத்தினுடையது. அங்கே மரத்துண்டுகளோடு, 2,500 சதுர மீட்டர் பரப்புள்ள சூரியத் தகடுகளும் தண்ணீரைக் காய்ச்சுகின்றன. ஓன்ஸ்பியரில் உள்ளது உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் தம் சொந்த முதலில் நடத்துவது. பாலன், ப்ருண்ட்பி கிராமங்களில் உள்ளதோ அங்கே குளிர்காயும் வீட்டுக்காரர்களுக்கே சொந்தம். வியாபாரம் என்றால் லாபம், ஊர்க்காரியம் என்றால் தியாகம் என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் நம்முடைய வழக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. யார் செய்தால் நடக்குமோ அவர் செய்தார். குழாய் பதிப்பதற்கு முன்பே பெயர் கொடுத்த வீட்டுக்குச் சொற்பக் கட்டணம், பிறகு வருபவருக்கு முழுச்செலவு என்று வைத்ததனால், தயங்கினவர்களும் முந்திக்கொண்டார்கள்.

வைக்கோலும் எரிகிறது, அதிலிருந்தும் கரியமில வாயு கிளம்புகிறது. அப்படியிருக்க எண்ணெய்க்கு இல்லாத புண்ணியம் வைக்கோலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? வைக்கோலில் இருக்கும் கரி, சென்ற பருவத்தில் அந்தக் கோதுமைப் பயிர் தன் இலைகளால் காற்றிலிருந்து இழுத்துக் கட்டிய கரி. எரிக்கும்போது அது வந்த வழியே போகிறது. அடுத்த பருவத்துப் பயிர் மீண்டும் இழுத்துக்கொள்ளுகிறது. எண்ணெயிலுள்ள கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்து, நடமாட்டத்திலிருந்தே விலகிப்போன பழைய முதல். அதைத் தோண்டி எரிப்பது புழக்கத்தில் இல்லாத நாணயத்தைச் சந்தையில் கொட்டுவதை ஒக்கும். வைக்கோலை வெட்டிக் கட்டிக் கொண்டுவரும் டிராக்டர் டீசல் குடிக்கிறது, வயலிலேயே மக்கவிட்டிருந்தால் மண்ணுக்குச் சேரவேண்டிய சத்தில் ஒரு பகுதி அடுப்புக்குப் போகிறது என்ற ஆட்சேபங்கள் நியாயமானவை; ஆனாலும் கணக்கின் போக்கை அவை தலைகீழாக்கிவிடவில்லை. எடையளவில் பார்த்தால், காய்ந்த வைக்கோல் ஒரு கிலோ ஏறக்குறைய 4 யூனிட் (கிலோவாட்-மணி) உஷ்ணம் தரும்; ஒரு லிட்டர் எண்ணெய் 10 யூனிட் தரும். ஆகவே இரண்டரைக் கிலோ வைக்கோல் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஈடு.

குழாய் போய்ச் சேர முடியாத ஒதுக்குப்புறத்து வீடுகளில், சூரியத் தகடு, மரக்கட்டைக் கொதிகலன், பூமியிலிருந்து உஷ்ணத்தை இறைக்கும் யந்திரம் ஆகியவற்றில் ஒன்றைப் பொருத்தினார்கள். அதைப் பொருத்துவதற்கு உள்ளூர்க் கருமான்களுக்கும் குழாய்த் தொழிலாளருக்குமே பயிற்சி கொடுத்தது கெட்டிக்காரத்தனம். கொதிகலன் பழுதாகிக் குளிரில் நடுங்கும் வீட்டுக்காரர் அழைப்பது விஞ்ஞானியை அல்லவே! ‘பழையதையே செப்பனிடட்டுமா, புதியதைப் போடட்டுமா’ என்று அந்த நேரத்தில் கேட்கிறவர் வாக்கே வேதவாக்கு. பால்பண்ணை விவசாயி ஒருவர், கறந்த பாலின் சூட்டையே எடுத்துத் தம் வீட்டுக்குப் பயன்படுத்தினார். விந்தையாகத் தோன்றினாலும் கணக்குச் சரியே: மடியிலிருந்து 38 பாகை உஷ்ணத்தில் வரும் பாலைக் கெடாமல் காக்க 4 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும், ஆயிரம் லிட்டர் பாலில் இப்படி வெளியேறும் உஷ்ணம் சுமார் 37 யூனிட். வீணே கொட்டகையின் கூரைக்குப் போகவிருந்த அந்த உஷ்ணம், ஏறக்குறைய நான்கு லிட்டர் எண்ணெய் செய்யும் வேலையைச் செய்கிறது.

கார், லாரி, டிராக்டர், கப்பல் ஆகியவற்றின் விஷயத்தில் மட்டும் திட்டம் தோற்றது. அக்காலத்து மின்சாரக் கார்கள் நம்பிக்கைக்கு உரியவையாக இல்லை. சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். இதற்குப் பிராயச்சித்தமாக, தீவின் தெற்கே கடலுக்குள், தலா 2.3 மெகாவாட் சக்தியுள்ள 10 காற்றாலைகளை 2003ல் ஓட்டத் தொடங்கினார்கள். 5 நகராட்சிக்கும், 3 தனியாருக்கும், 2 கூட்டுறவுப் பங்குதாரர்களுக்கும் சொந்தம். மொத்தம் 23 மெகாவாட். ஆண்டு முழுவதும் ஓய்வின்றி முழுவேகத்தில் சுழன்றால் 20 கோடி யூனிட் விளையவேண்டும். காற்று நம் இஷ்டத்துக்கு வீசாது ஆகையால் கிடைப்பது அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். இந்த மின்சாரம் தீவுக்குத் தேவையில்லை. கடலடிக் கம்பி வழியே ஜட்லாண்டுக்குப் போகிறது. அங்கே அந்த அளவுக்கு நிலக்கரி எரியாமல் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தைத் தங்கள் கப்பலும் காரும் விட்ட புகைக்கு எதிராகக் கழித்துக்கொண்டு, பத்தாண்டு முடிவில் சாம்சோ கணக்கை நேர்செய்தது.

இந்தக் கழித்தலைப் பற்றி வாசகர் தெளிவாக இருக்க வேண்டும். சாம்சோவாசி ஒருவர் விடும் கரியமில வாயு பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதுவதுண்டு. உண்மையில் அவர் கார் முன்போலவே புகை விட்டுக்கொண்டிருந்தது. அவர் பங்கு வைத்திருந்த காற்றாலை வேறோர் ஊரின் புகையைக் குறைத்தது. இது பொய்க்கணக்கு அன்று. ஆனால் எல்லா ஊர்களும் இதையே செய்யப் புகுந்தால், ஒருவர் புகையைக் கழிப்பதற்கு மற்றோர் ஊரின் நிலக்கரி மிஞ்சியிராது. சிக்கனத்திலும் அவர்கள் எதிர்பார்த்த அளவு சாதிக்கவில்லை. வீட்டுக்கு வெப்பக்காப்புச் செய்தார்கள். மலிவாகக் கிடைத்த உஷ்ணத்தால் முன்பு மூடிக்கிடந்த அறைகளையும் காய வைத்துக்கொண்டார்கள். மனித சுபாவம் அது. உஷ்ணத்தில் முக்கால்வாசியும், மின்சாரம் முழுவதும், எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றின் பிடியிலிருந்து விடுபட்டன என்பதோ எந்த வாதத்தாலும் குறையாத சாதனை.

2007ல் தீவில் எரிசக்திக் கலாசாலை ஒன்று திறந்தார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அதிகாரிகளும் மாணவர்களும் வந்து பார்த்துப் போகிறார்கள். அப்படி வந்து போகிறவர்கள் ஏறி வரும் கப்பலை யாராவது உற்று நோக்குவார்களோ என்னவோ. பிறர் நடத்தும் போக்குவரத்தை நம்பியிராமல், நகராட்சி தானே ஒரு கப்பலை வாங்கி 2015ல் ஓட்டத் தொடங்கியது. எட்டு வயது இளவரசி இசபெல்லா அதற்குத் தம் பெயரையே சூட்டினார். எண்ணெயை விடுத்து, குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை வாயுவில் ஓடும் கப்பல் அது. அந்த வாயுவும் பூமிக்கடியிலிருந்து தோண்டியதே. 2030க்குள் தோண்டியெடுத்த எரிபொருள் எதுவும் தீவில் எரியக்கூடாது என்று ஊரார் தீர்மானித்திருக்கிறார்கள். நிலத்தில் 2000ல் நாட்டிய 11 காற்றாலைகளும் அதற்குள் முதுமையடைந்துவிடும்.